சலுகை பார்த்து வாங்கியும் மளிகைச் செலவு ஏன் குறையவில்லை?

வாசகத் தங்கை ஒருவர் எழுதிக் கேட்ட கேள்வி இதுதான். சிங்கப்பூரின் பொங்கோலில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. கணவன், மனைவி, தொடக்கப்பள்ளிக்குப் போகும் மகன், எட்டு மாதக் கைக்குழந்தை, 60 வயதைத் தாண்டிய மாமியார். வாராவாரம் சலுகை பார்த்துத்தான் வாங்குகிறார்கள், ஆனாலும் மளிகைச் செலவு மாதம் 900 வெள்ளிக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. சலுகையில் வாங்கி மிச்சம் பிடிப்பது நிஜமாகவே நடக்கிற காரியமா என்று அந்தத் தங்கை கேட்டிருக்கிறார்.

நடக்கிற காரியம்தான். ஆனால் எந்தப் பொருளுக்குச் சலுகை வரும், எதற்கு வரவே வராது என்பது முதலில் தெரிய வேண்டும். அதைப் பிரித்துப் பார்க்காமல் சலுகைச் சீட்டு தொங்கும் பக்கமெல்லாம் கூடையை நீட்டினால் வீட்டில் பிஸ்கட்டும் குளிர்பானமும் குவியும், உளுந்துக்கும் மீனுக்கும் கொடுக்கிற பணம் அப்படியே இருக்கும். உங்கள் வீட்டில் நடப்பதும் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பேரங்காடிச் சலுகைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் அந்தப் பொருளைத் தயாரிக்கிற அல்லது இறக்குமதி செய்கிற நிறுவனத்தின் பணம் இருக்கிறது. தங்கள் பொருள் வரிசையின் முனையில், கண்ணில் படுகிற இடத்தில் அடுக்கப்பட வேண்டும் என்பதற்காக அவர்கள் விலையை இறக்குகிறார்கள். அதனால் சலுகைக்கு வருவதெல்லாம் விளம்பரம் செய்ய வசதியுள்ள நிறுவனங்களின் பொருள்கள்: சமையல் எண்ணெய், மைலோ, உடனடி நூடல்ஸ், பிஸ்கட், காப்பித்தூள், சலவைத்தூள், ஷாம்பு, டயப்பர், உறைந்த கோழி. இவை முறை வைத்து வரும். இந்த வாரம் ஒரு நிறுவனத்தின் எண்ணெய் இறங்கினால், சில வாரம் கழித்துப் பக்கத்து நிறுவனத்தின் எண்ணெய் இறங்கும். துவரம்பருப்புக்கும் புளிக்கும் வெந்தயத்துக்கும் அப்படிப் பணம் போட ஆள் இல்லை. பேரங்காடியில் அவற்றுக்கு ஒரு சிறு அலமாரிதான் ஒதுக்குகிறார்கள், விலையும் பெரும்பாலும் ஒரே இடத்தில் நிற்கும். நம் சமையலறையில் தினமும் தீர்கிற சாமானுக்குச் சலுகைக்காகக் காத்திருப்பது வீண். அதற்குச் சரியான கடை எது என்று பார்த்தால் போதும்.

சரி, முதலில் சலுகைக்கு வருகிற சாமான்களைப் பார்ப்போம். இதற்குத் தேவை ஒரு விலைக் குறிப்பு. கைப்பேசியிலேயே எழுதிக்கொள்ளலாம். கடந்த இரண்டு மாத ரசீதுகளை எடுத்து வைத்து, அதிகப் பணம் தின்கிற பொருள்கள் ஒரு இருபதை மட்டும் பொறுக்குங்கள். உப்பும் கடுகும் வேண்டாம், அவற்றில் மிச்சம் பிடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ஒரு கிலோ அல்லது ஒரு லிட்டர் எந்த விலையில் கிடைத்தது, எந்தக் கடை, எந்த மாதம் என்று குறியுங்கள். புதிதாக ஒரு குறைந்த விலை கண்ணில் பட்டால் பழையதை அழித்துவிட்டு அதை எழுதுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் உங்களுக்கே பிடிபட்டுவிடும், இந்தப் பொருள் இதற்குக் கீழே இறங்காது என்று.

கடைக்குள் இதை எப்படிப் பயன்படுத்துவது? எண்ணெய் வரிசைக்குப் போங்கள். கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம். 2 லிட்டர் போத்தல் 7 வெள்ளி 90 காசு. அதற்கு மேலே பெரிய சீட்டில் இரண்டு எடுத்தால் 14 வெள்ளி 50 காசு என்று எழுதியிருக்கிறது. கீழ்த்தட்டில், குனிந்து பார்த்தால்தான் தெரிகிற இடத்தில், அதே எண்ணெய் 5 லிட்டர் டின் 17 வெள்ளி 50 காசு. ஒற்றைப் போத்தலில் லிட்டர் 3 வெள்ளி 95 காசு, இரண்டாக எடுத்தால் கிட்டத்தட்ட 3 வெள்ளி 63 காசு, டின்னில் 3 வெள்ளி 50 காசு. சலுகைச் சீட்டு எதுவுமே இல்லாத டின்தான் மூன்றிலும் மலிவு. இந்தக் கணக்கை நீங்கள் போட வேண்டியதுகூட இல்லை. ஃபேர்பிரைஸ், ஷெங் சியோங் போன்ற பெரிய பேரங்காடிகளில் பல பொருள்களின் விலைச்சீட்டில் மூலையில் சின்ன எழுத்தில் 100 கிராமுக்கு இவ்வளவு, 100 மில்லிலிட்டருக்கு இவ்வளவு என்று போட்டிருப்பார்கள். மொத்த விலையை விட்டுவிட்டு அந்தச் சின்ன எழுத்தைப் படிக்கப் பழகுங்கள். பயனீட்டாளர் சங்கம் 2019இல் வெளியிட்ட பிரைஸ் காக்கி என்ற செயலியிலும் பல பேரங்காடிகளின் விலையை வீட்டில் இருந்தபடியே ஒப்பிடலாம். மாதச் சாமான் வாங்கக் கிளம்புவதற்கு முன் எண்ணெய், அரிசி, முட்டை என்று நாலைந்தை மட்டும் அதில் பார்த்துக்கொண்டால் போதும்.

'இரண்டு எடுத்தால்' சலுகை பற்றி இன்னொன்று. பெரும்பாலும் ஒன்றை மட்டும் எடுத்தால் வழக்கமான விலைதான் போடுவார்கள், சலுகை விலையில் பாதி அல்ல. இரண்டாவது உண்மையிலேயே வேண்டுமா என்று பாருங்கள். சலவைத்தூள் என்றால் வேண்டும், அது கெடாது. தயிரோ ரொட்டியோ என்றால் யோசிக்க வேண்டும்.

பெரிய பேரங்காடிகளின் வாரச் சலுகை வழக்கமாக வியாழக்கிழமை மாறும். வியாழன் இரவு ஒரு பத்து நிமிடம் செயலியிலோ இணையத்திலோ பார்த்து, உங்கள் இருபது பொருளில் எது இறங்கியிருக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். மற்றவை எவ்வளவு மலிவாக இருந்தாலும் உங்களுக்கு வேண்டாதவை. இறங்கிய பொருள் உங்கள் குறிப்பில் உள்ள அடிமட்ட விலைக்கு அருகே வந்தால், அடுத்த முறை இறங்கும் வரைக்கும் தேவையானதை வாங்கிவிடுங்கள். எண்ணெய், மைலோ, சலவைத்தூள் போன்றவை ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை எப்படியும் வந்துவிடுகின்றன என்பது என் கணிப்பு. ஆகவே ஆறேழு வாரத்துக்கு வேண்டியது கையில் இருந்தால் முழு விலை கொடுத்து வாங்க வேண்டிய நிலையே வராது. ஆறு மாதத்துக்கு வாங்கி அடுக்கத் தேவையில்லை, நம் வீடுகளில் அதற்கு இடமும் இல்லை.

நிறுவனப் பெயரைப் பற்றிப் பிடிவாதம் இல்லாதவர்களுக்குச் சலுகைக்குக் காத்திருக்கும் வேலையே பாதி குறைந்துவிடும். டிஷ்யூ, பாத்திரம் கழுவும் திரவம், சீனி, ஓட்ஸ், உறைந்த காய்கறி போன்றவற்றுக்குக் கடையின் சொந்தப் பெயரில் வருகிற பொருளே போதும். 1973இல் விலைவாசி எகிறிக்கொண்டிருந்த காலத்தில், சாதாரண மக்கள் கட்டுப்படியான விலையில் அரிசியும் சீனியும் வாங்க வேண்டும் என்பதற்காகத்தான் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் (என்டியுசி) தோ பாயோவில் என்டியுசி வெல்கம் பேரங்காடியைத் தொடங்கியது. இன்றைய ஃபேர்பிரைஸ் அதன் தொடர்ச்சி. அந்தக் கடையின் சொந்தப் பொருள்களை இரண்டாந்தரம் என்று ஒதுக்குபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஒருமுறை வாங்கிப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் பழையதற்கே திரும்பிவிடலாம்.

இனி நம் சமையலுக்கு வருவோம். இங்கேதான் பணம் நிறையப் போகிறது, இங்கேதான் மிச்சமும் இருக்கிறது.

பருப்பு, உளுந்து, இட்லி அரிசி, மிளகாய், மல்லி, சீரகம், புளி, கோதுமை மாவு இவற்றை மாதம் ஒருமுறை லிட்டில் இந்தியாவில் வாங்குங்கள். அங்குள்ள முஸ்தஃபா கடையில் ஒரே தளத்தில் எல்லாம் கிடைக்கும், பல நிறுவனங்களின் பொட்டலங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். பஃபலோ சாலையிலும் கேம்பல் லேனிலும் உள்ள கடைகளில் சிலவற்றுக்கு விலை இன்னும் குறைவாக இருக்கும். வழக்கமாக வாங்குகிற கடைக்காரர் என்றால் எந்த உளுந்து புதிதாக வந்தது, எது பழைய சரக்கு என்று அவரே சொல்லிவிடுவார். பழைய உளுந்து எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் மாவு பொங்காது, அதனால் அது மலிவும் இல்லை. பொங்கோலிலிருந்து வடகிழக்குப் பாதையில் ஏறினால் நேராக லிட்டில் இந்தியாவில் இறங்கலாம், உங்களுக்கு அது பெரிய வசதி. 10 கிலோ அரிசியைத் தூக்கிக்கொண்டு ரயிலில் வருவது சிரமம் என்றால், அரிசியை மட்டும் பேரங்காடியில் சலுகை வரும்போது எடுத்துக்கொண்டு மற்றதை அங்கே வாங்குங்கள்.

மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது ஊரில் சரி, இங்கே அரைவாசிதான் சரி. இந்த ஈரக்காற்றில் கோதுமை மாவிலும் ரவையிலும் வண்டு விழ அதிக நாள் ஆகாது. மாதத்துக்கு 5 கிலோ மாவு செலவாகும் வீடு 10 கிலோ பை வாங்கலாம். 2 கிலோ செலவாகும் வீடு 10 கிலோ வாங்கினால் கடைசியில் கொட்டத்தான் வேண்டும். ரவையை வாங்கிய அன்றே வறுத்து ஆறவைத்து டப்பாவில் போட்டுவிடுங்கள். பருப்பையும் மாவையும் இரண்டு மூன்று நாள் உறைபெட்டியில் வைத்து எடுத்து, ஈரம் போக வெளியே ஆறவிட்டு, அப்புறம் காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் நெடுநாள் தாங்கும்.

மாவு அரைப்பதையும் சொல்ல வேண்டும். கடையில் இட்லி மாவுப் பாக்கெட் வாங்குகிற வீடு என்றால் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான். ஒரு கிலோ இட்லி அரிசியும் கால் கிலோ உளுந்தும் ஊறி அரைபட்டால் ஏறக்குறைய மூன்று கிலோ மாவு கிடைக்கும். அந்த அரிசி, உளுந்தின் விலையையும் மூன்று பாக்கெட் மாவின் விலையையும் நீங்களே அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். வாரத்தில் நாலு வேளைக்கு இட்லி தோசை ஓடுகிற வீட்டில் எந்தச் சலுகைச் சீட்டும் இந்த அளவு மிச்சம் தராது. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு நேரம் இல்லை என்பது நியாயமான பேச்சு. அரைக்கிற வேலையைக் கணவரும் செய்யலாம், கிரைண்டருக்குக் கை யாருடையது என்று தெரியாது.

மீனுக்கும் காய்க்கும் பேரங்காடிச் சலுகையைவிடப் பருவமும் கிழமையும்தான் கணக்கு. சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளியிலிருந்து வரவழைக்கிறது. மலேசியாவில் பெய்யும் மழை நம் வீட்டுக் குழம்பு வரை வந்துவிடும். ஆண்டு இறுதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் கீரை வகைகளும் மீனும் விலை ஏறும். அது அடங்குவதற்குள் சீனப் புத்தாண்டு வந்துவிடும், வவ்வால் மீனும் இறாலும் தொட முடியாத விலைக்குப் போகும், புத்தாண்டுக்குப் பிறகு சில நாள்களுக்குச் சந்தையில் பல கடைகள் மூடியிருக்கும். அந்த வாரங்களில் வவ்வால்தான் வேண்டும் என்று நிற்க வேண்டாம். கானாங்கெளுத்தி, நெத்திலிக் கருவாடு, முட்டைக் குழம்பு, பயறு என்று மாறிக்கொள்ளுங்கள். கோழியை முன்கூட்டியே வாங்கி உறைபெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். முழுக் கோழியாக வாங்கி வெட்டச் சொன்னால் கிலோ விலை குறையும். எலும்பைச் சூப்புக்கு ஒதுக்கிவிடலாம்.

தேக்கா சந்தைக்கோ உங்கள் பேட்டை ஈரச்சந்தைக்கோ ஞாயிறு காலையில் போகாமல், முடிந்தால் வாரநாளில் போங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், மீன்கடைகள் பல அன்று திறக்காது. போகும்போது 'இன்று பாறை மீன்' என்று முடிவு செய்துகொண்டு போகாதீர்கள். 'இன்றைக்கு எது நன்றாக இருக்கிறது?' என்று கேட்டுவிட்டுக் குழம்பை முடிவு செய்யுங்கள். பதினொரு மணிக்கு மேல் கடையைக் கட்டும் நேரத்தில் மிஞ்சிய கீரையையும் வெண்டைக்காயையும் கூறு கட்டி மலிவாகக் கொடுப்பார்கள். அன்றே சமைத்துவிடுவதானால் அது நல்ல வாங்கல்.

பதற்றத்தில் வாங்குவதுதான் இருப்பதிலேயே அதிக விலை கொடுத்து வாங்குவது. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா தடை செய்தபோது பொன்னி அரிசி மூட்டைகளை இரண்டும் மூன்றுமாகத் தூக்கிக்கொண்டு போனவர்களைப் பார்த்தோம். அடுத்த மாதமே சிங்கப்பூருக்குத் தனியாக அனுப்ப இந்தியா இசைந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெங்காயத்துக்குத் தடை வந்து, 2024 மே மாதம் நீங்கியது. மாதத்துக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக எப்போதும் கையிருப்பு உள்ள வீட்டுக்கு இந்தச் செய்திகளால் பெரிய பாதிப்பு இல்லை.

உங்கள் மாமியாரை மறந்துவிடாதீர்கள். ஃபேர்பிரைஸில் 60 வயதைத் தாண்டியவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை தள்ளுபடி உண்டு. 1949 வரை பிறந்த முன்னோடித் தலைமுறையினருக்கும் 1950இலிருந்து 1959 வரை பிறந்த மெர்டேக்கா தலைமுறையினருக்கும் அவர்களுக்கென்று வேறு நாள்கள் இருக்கின்றன. விழுக்காடு சிறியதுதான், ஆனால் ஏற்கெனவே சலுகையில் உள்ள பெரிய சாமான்களை அன்றைக்கு வாங்கினால் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேரும். அவரையே கூட்டிப் போங்கள், அவருக்கும் வெளியே போய் வந்தது போலிருக்கும். மீன் பொறுக்குவதில் உங்களைவிட அவர் கை தேர்ந்ததாகவும் இருக்கலாம்.

அரசாங்கம் குடும்பங்களுக்குத் தருகிற சிடிசி பற்றுச்சீட்டில் ஒரு பாதி பேரங்காடிகளுக்கு, மறு பாதி உணவங்காடிக் கடைகளுக்கும் பேட்டைக் கடைகளுக்கும். பலர் பேரங்காடிப் பாதியை வந்த வாரமே தீர்த்துவிட்டு, மற்றதை வெளிச்சாப்பாட்டுக்குச் செலவழிக்கிறார்கள். திட்டத்தில் சேர்ந்திருக்கும் ஈரச்சந்தைக் கடைகள் நிறைய உண்டு. அந்த இரண்டாவது பாதியை மீனுக்கும் காய்க்கும் வைத்துக்கொண்டால் அது மளிகைக் கணக்கில் நேராகக் கழியும். பேரங்காடிப் பாதியை எண்ணெய், அரிசி, டயப்பர் எல்லாம் ஒன்றாக இறங்குகிற வாரத்துக்காக ஒதுக்கி வையுங்கள். புதிய பற்றுச்சீட்டு வெளிவரும் சமயத்தில், ஒரு குறிப்பிட்ட தொகைக்கு அதைப் பயன்படுத்தினால் கடையே ஒரு சிறு பற்றுச்சீட்டைத் திருப்பித் தருவதும் உண்டு, அறிவிப்பைக் கவனியுங்கள்.

பாலத்தைத் தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவுக்குப் போய் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். உறவினரைப் பார்க்கவோ வேறு வேலைக்கோ போகும்போது சலவைத்தூளும் டயப்பரும் வாங்கி வாருங்கள். மளிகைக்காக மட்டும் கைக்குழந்தையோடு பாலத்தில் நிற்பதை நான் சொல்ல மாட்டேன். 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் 100 வெள்ளி மதிப்பு வரைக்கும்தான் பொருள் சேவை வரி விலக்கு, அதற்கு மேல் 9 விழுக்காடு கட்ட வேண்டும். முட்டை ஓர் ஆளுக்கு 30தான் கொண்டுவரலாம்.

கடைசியாகக் கைக்குழந்தையின் பால்மா. தாய்ப்பாலோடு பால்மாவும் கொடுப்பதானால் உங்கள் 900 வெள்ளியில் அதன் பங்கு பெரிதாக இருக்கும். ஓராண்டுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால்மாவைக் கடைகள் சலுகையில் போடுவதில்லை, தாய்ப்பாலை ஊக்குவிக்கும் நெறிமுறை அது. எனவே அதற்குத் தள்ளுபடி தேடி அலைய வேண்டாம். விலை குறைந்த நிறுவனத்துக்கு மாறுவது ஒன்றுதான் வழி. பால்மா விலை பத்தாண்டில் 120 விழுக்காடு ஏறியிருப்பதாக அரசாங்கத்தின் போட்டித்தன்மை ஆணையம் 2017இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. அதன் பிறகு மலிவான நிறுவனங்களும் சந்தைக்கு வந்துள்ளன. இங்கே விற்கப்படும் எந்தப் பால்மாவும் குழந்தைக்குத் தேவையான சத்துகள் பற்றிய விதிமுறைக்கு உட்பட்டதாக இருந்தாக வேண்டும், விலை கூடியதால் குழந்தைக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைத்துவிடாது. குழந்தைக்கு ஒவ்வாமையோ வேறு தொந்தரவோ இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள்.

பால்மாவுக்கும் டயப்பருக்கும் மாதம் எவ்வளவு ஆகிறது என்று நீங்கள் எழுதவில்லை. அந்த இரண்டையும் 900 வெள்ளியிலிருந்து தனியாகப் பிரித்து, மீதியை மளிகை, மீன் இறைச்சி, காய்கறி என்று மூன்றாக எழுதி அனுப்புங்கள். எது அதிகம் என்று பார்த்துவிட்டு அதற்கு மட்டும் இன்னும் விவரமாகச் சொல்கிறேன்.